‘ஏறு’க்கு எத்தனை இங்கிலீஷ்?

குட்டீஸ், முதலில் ஒரு சின்னப் புதிர். கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

தம்பி பஸ்ஸில் ஏறினான்.
அணில் மரத்தில் ஏறியது.
தக்காளி விலை ஏறியது.
ராஜா குதிரை மேல் ஏறினார்.
பாடம் தலையில் ஏறவில்லை.

ஐந்திலும் வருவது ஒரே ‘ஏறு’தான். நமக்கு அது போதும். ஆனால் இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் ஐந்துக்கும் ஐந்து வேறு வேறு சொற்கள் வேண்டும்! எல்லாவற்றுக்கும் ‘க்ளைம்’ என்றே எழுதி வைத்தால் ஐந்துக்கு ஒரு மார்க்தான் கிடைக்கும். அந்த ஒரு மார்க்கும் அணில் புண்ணியத்தில்!

இதற்காகப் பயப்பட வேண்டாம். இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்கிற வித்தை நம் தமிழ் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. அது எப்படி என்று பார்க்க ஒரு பயணம் போவோமா? விழுப்புரத்தில் கிளம்பி, திண்டிவனம் வழியாகச் செஞ்சிக் கோட்டை வரை. வழியில் ஏறுவது, எழுவது, உயர்வது எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் சொல் தேடுவோம்.

விழுப்புரம்: ஆன்-ஆ, இன்-ஆ?

விழுப்புரம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் “ஏறு, ஏறு” என்று அவசரப்படுத்துகிறார். பஸ்ஸில் ஏறுவதற்கு இங்கிலீஷில் ‘கெட் ஆன்’. ஆனால் வாசலில் நிற்கும் ஆட்டோவில் ஏறுவதற்கு ‘கெட் இன்’. இரண்டும் வண்டிதானே, ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டிக்குள் போய் நிமிர்ந்து நிற்க முடியுமா, நாலு அடி நடக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் ‘கெட் ஆன்’. பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் இதில் சேரும். குனிந்து நுழைந்து உட்கார மட்டும்தான் முடியும் என்றால் ‘கெட் இன்’. கார், ஆட்டோ, வேன் இந்தப் பக்கம். சைக்கிளுக்குள் நுழையவே முடியாது. மேலேதான் உட்கார முடியும். அதனால் அதற்கும் ‘கெட் ஆன்’தான்.

இறங்கும்போதும் இதே கணக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கினால் ‘கெட் ஆஃப்’. ஆட்டோவிலிருந்து இறங்கினால் ‘கெட் அவுட் ஆஃப்’.

பஸ், ரயில், விமானத்தில் ஏறுவதற்கு ‘போர்ட்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. போர்ட் என்றால் பலகை. அந்தக் காலத்து மரக்கப்பலின் பக்கவாட்டுப் பலகைக்கு அந்தப் பெயர். கப்பலில் ஏறுவதற்கு வந்த சொல், பின்னால் ரயிலுக்கும் விமானத்துக்கும் வந்துவிட்டது. விமான நிலையத்தில் தரும் ‘போர்டிங் பாஸ்’ இதிலிருந்து பிறந்ததுதான்.

அப்படியே ரயில் நிலையத்தையும் எட்டிப் பார்ப்போம். விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிறது. இங்கே ‘அப் லைன்’, ‘டவுன் லைன்’ என்று ரயில்வேக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே என்று நமக்குத் தெரியும். அப்படியானால் அப் லைன் மேட்டிலும் டவுன் லைன் பள்ளத்திலும் போகிறதா? இல்லை! பிரிட்டனில் லண்டனை நோக்கிப் போகும் பாதைக்கு ‘அப்’ என்றும், லண்டனை விட்டு விலகிப் போகும் பாதைக்கு ‘டவுன்’ என்றும் பெயர் வைத்தார்கள். ரயிலோடு சேர்ந்து அந்தப் பேச்சும் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே ‘அப்’ என்று வந்தாலே உயரம் என்று நினைத்துவிடக் கூடாது.

விக்கிரவாண்டி: ஓர் எழுத்து கூட, ஓர் ஆள் கூட!

பஸ் கிளம்பி முண்டியம்பாக்கத்தைத் தாண்டிவிட்டது. விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி வருகிறது. குறுக்கே ஒரு தடுப்புக் கம்பு. நம் வண்டி வந்ததும் அது மேலே போகிறது. பக்கத்து சீட்டில் ஒருவர், “கட்டணத்தை மறுபடி உயர்த்திவிட்டார்கள்” என்கிறார். இன்னொருவர், “எல்லா விலையும்தான் உயர்ந்துவிட்டது” என்கிறார்.

இரண்டு பேரும் சொன்னதில் ஒரு வேறுபாடு இருக்கிறது, கவனித்தீர்களா? ஒருவர் ‘உயர்த்தி’ என்றார். மற்றவர் ‘உயர்ந்து’ என்றார். இதுதான் நாம் தேடி வந்த வித்தை.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். தானே ஒன்றைச் செய்தால் தன்வினை. இன்னொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. உயர்ந்தது என்பது தன்வினை. உயர்த்தினார் என்பது பிறவினை. எழுந்தான், எழுப்பினான். ஏறினான், ஏற்றினான். இவற்றை நாம் யாரும் யோசித்துப் பேசுவதில்லை. “அம்மா என்னை எழுந்தாள்” என்று மூன்று வயதுக் குழந்தை சொன்னால்கூட நமக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இங்கிலீஷில் இதே ஜோடிதான் ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’.

தானே எழுந்தால், தானே உயர்ந்தால் ரைஸ். யாரோ ஒருவர் உயர்த்தினால், எழுப்பினால் ரெய்ஸ். ‘தி சன் ரைசஸ்’ என்றால் சூரியன் எழுகிறது. அதை யாரும் கயிறு கட்டித் தூக்குவதில்லை. ‘ரெய்ஸ் யுவர் ஹேண்ட்’ என்றால் கையை உயர்த்து. கை தானாக மேலே போகாது; அதை உயர்த்த நீங்கள் வேண்டும்.

நம் பஸ் பயணிகள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசியிருந்தால், முதலாமவர் ‘தே ரெய்ஸ்ட் தி டோல்’ என்றிருப்பார். இரண்டாமவர் ‘பிரைசஸ் ஹேவ் ரிஸன்’ என்றிருப்பார். ‘தி சன் ரெய்சஸ்’ என்று எழுதினால் பரீட்சையில் சிவப்பு மை விழும். “சூரியன் எதை உயர்த்துகிறது?” என்று டீச்சர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

மறக்காமல் இருக்க ஒரு வழி சொல்லட்டுமா? ரைஸ் என்ற சொல்லை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். நாலு எழுத்து. ரெய்ஸ் என்று எழுதினால் ஐந்து எழுத்து. இப்போது தமிழுக்கு வாருங்கள். ‘ஏறு’ இரண்டு எழுத்து. ‘ஏற்று’ மூன்று எழுத்து. இரண்டு மொழியிலும் ஓர் எழுத்து கூடுகிறது! ஏனென்றால் ஏற்றுவதற்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். ஓர் எழுத்து கூட, ஓர் ஆள் கூட. இதைப் பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது.

இறந்த காலத்தையும் கையோடு பார்த்துவிடுவோம். ரைஸ், ரோஸ், ரிஸன் என்று மாறும். ரெய்ஸ் அதிகம் அலட்டிக்கொள்ளாது: ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். ‘ரோஸ்’ என்றதும் ரோஜாப்பூவை நினைத்துக் குழம்ப வேண்டாம். எழுத்தும் ஒலியும் ஒன்றுதான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு ரைஸும் இருக்கிறதே, லெமன் ரைஸ், தக்காளி ரைஸ்! தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. வாயில் வரும்போது ஒன்றல்ல. சாப்பிடுகிற ரைஸின் கடைசி ஒலி பாம்பு சீறுகிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்று முடியும். எழுகிற ரைஸின் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் செய்வது போல அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். அதிர்ந்தால் சூரியன், அதிராவிட்டால் சோறு!

சம்பளம் பற்றிய பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. சம்பள உயர்வைப் பிரிட்டன்காரர்கள் ‘பே ரைஸ்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘பே ரெய்ஸ்’ என்பார்கள். சம்பளம் தானே உயர்ந்ததாக அவர்களுக்கு நினைப்பு. முதலாளி உயர்த்தியதாக இவர்களுக்கு நினைப்பு!

அந்த டிசம்பர் மாதம்

ரைஸுக்கும் ரெய்ஸுக்கும் உள்ள வேறுபாடு மார்க் விஷயம் மட்டும் அல்ல. இதே ஊர்களில் நடந்ததைப் பாருங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகராமல் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. டிசம்பர் 2-ஆம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் நிறுத்தப்பட்டன. அன்றைய இங்கிலீஷ் செய்திகளில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஏற்ற சொல் ‘ரைஸ்’தான். ‘தி வாட்டர் ரோஸ்’. மழையால் தண்ணீர் தானாக ஏறியது. யாரும் ஏற்றவில்லை.

அதே டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணை ஆற்றின் மேலே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆறு கரை புரண்டது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் பாய்ந்தது. அணையின் ஷட்டர் தானாக ஏறாது. மனிதர்கள் அதை ஏற்ற வேண்டும். அதற்கு ‘ரெய்ஸ்’. ‘தே ரெய்ஸ்ட் தி ஷட்டர்ஸ்’.

ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்பது ஒரு செய்தி. ஷட்டரை ஏற்றுகிறார்கள் என்பது வேறு ஒரு செய்தி. இரண்டாவதைக் கேட்டவுடன் கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போயாக வேண்டும். உங்கள் செல்போனில் இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை வந்தால், அதில் ரைஸ் இருக்கிறதா, ரெய்ஸ் இருக்கிறதா என்று படித்து வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல உங்களால் முடிய வேண்டும். ஓர் எழுத்தின் மதிப்பு சில நேரம் அவ்வளவு பெரியது.

மயிலம்: பேசாத ‘பி’

கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு பாதை மயிலத்துக்குப் பிரிகிறது. சின்னக் குன்றின் மேல் முருகன் கோயில். படியில் ஏறுவதற்கு இங்கிலீஷில் ‘க்ளைம்’.

இந்தச் சொல்லை எழுதும்போது கடைசியில் ‘பி’ வரும். சொல்லும்போது வராது. ‘க்ளைம்ப்’ என்று அழுத்தாதீர்கள். சீப்புக்கு ‘கோம்’, ஆட்டுக்குட்டிக்கு ‘லாம்’, கட்டைவிரலுக்கு ‘தம்’. இவற்றிலும் ‘பி’ வாயைத் திறக்காது. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துக்காரர்கள் க்ளைம் சொல்லின் ‘பி’யையும் சேர்த்துத்தான் உச்சரித்தார்கள். நாளடைவில் ஒலி போய்விட்டது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

க்ளைம் என்ற சொல்லில் முயற்சி இருக்கிறது. கையையும் காலையும் பயன்படுத்தி, மூச்சு வாங்க ஏறுவது க்ளைம். மரம், மலை, ஏணி, சுவர், படிக்கட்டு எல்லாம் இதில் அடங்கும். வேதாளம் முருங்கை மரம் ஏறியதே, அதுவும் க்ளைம்தான். அவரைக்கொடி பந்தலில் ஏறுவதற்கும் இதே சொல். கொடிக்கு இங்கிலீஷில் ‘க்ளைம்பர்’ என்று எழுதி ‘க்ளைமர்’ என்று படிப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷில் கீழ்நோக்கியும் க்ளைம் செய்யலாம்! மரத்திலிருந்து கை, கால்களால் பற்றிக்கொண்டு இறங்குவது ‘க்ளைம் டவுன்’. தமிழில் “மரத்திலிருந்து கீழே ஏறினான்” என்றால் ஊரே சிரிக்கும். எனவே க்ளைம் என்றால் மேலே போவது என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். பற்றிப் பற்றிப் போவது என்று எழுதி வையுங்கள்.

கோயில் திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். பள்ளியில் சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றுவோம். இப்படிக் கயிற்றால் இழுத்து ஏற்றுவதற்கு ‘ஹாய்ஸ்ட்’. ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியைக் கம்பத்தின் கீழிருந்து மேலே இழுத்து ஏற்றுகிறார்கள். அது ஹாய்ஸ்ட். ஜனவரி 26 அன்று கொடி மடித்துக் கட்டப்பட்டு முன்பே உச்சியில் இருக்கும். கயிற்றை இழுத்ததும் பூக்களைச் சிதறிக்கொண்டு விரியும். அது ‘அன்ஃபர்ல்’, அதாவது விரித்தல். அடுத்த முறை கொடிக்கம்பத்தைக் கவனியுங்கள்.

திண்டிவனம்: பரணும் லிஃப்டும்

திண்டிவனம் வந்துவிட்டோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலாக்கொட்டை மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறார்கள். ‘ஏற்று’ என்பதால் உடனே ரெய்ஸ் என்று எழுதிவிடலாமா? நில்லுங்கள்! லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு ‘லோடு’. நாம்கூட “லோடு ஏத்தியாச்சா?” என்றுதானே கேட்கிறோம்!

ஒரு மூட்டையைத் தரையிலிருந்து தூக்குவதற்கு ‘லிஃப்ட்’. சாயங்காலம் அம்மா விளக்கு ஏற்றுவதற்கு ‘லைட்’. ‘மதர் ரெய்ஸ்ட் தி லாம்ப்’ என்று எழுதினால் விளக்கைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடித்தாள் என்று ஆகிவிடும். விளக்கு எரியவே எரியாது! ஆடு, மாடு, பிள்ளைகள், பயிர் ஆகியவற்றை வளர்ப்பதற்கோ ‘ரெய்ஸ்’ பொருந்தும். ‘ஷி ரெய்சஸ் கோட்ஸ்’ என்றால் அவர் ஆடு வளர்க்கிறார் என்று பொருள். ஆட்டைத் தலைக்கு மேல் தூக்குகிறார் என்று படம் வரைந்துவிடாதீர்கள்!

லிஃப்ட் என்ற சொல்லுக்கு ஓர் உறவுக்காரர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற பெரிய பாத்திரங்களை எங்கே வைத்திருக்கிறார்கள்? பரண் மேலே. அதை ‘லாஃப்ட்’ என்றும் சொல்கிறோம். லிஃப்ட், லாஃப்ட் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் அந்த வேருக்குக் காற்று, ஆகாயம் என்று பொருள். ஆகாயத்துக்குத் தூக்குவது லிஃப்ட். வீட்டுக்குள் ஆகாயத்தில் இருக்கும் இடம் லாஃப்ட்.

மாடிக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு நாமும் பிரிட்டன்காரர்களும் லிஃப்ட் என்கிறோம். அமெரிக்கர்கள் ‘எலிவேட்டர்’ என்கிறார்கள். நகரும் படிக்கட்டுக்கு ‘எஸ்கலேட்டர்’. இந்தப் பெயரை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் சீபர்கர். 1900-ஆம் ஆண்டு பாரீஸில் நடந்த உலகக் கண்காட்சியில் எஸ்கலேட்டர் காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலில் இது வணிக முத்திரைப் பெயர். மற்ற கம்பெனிகள் பயன்படுத்த முடியாது. எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், 1950-இல் அமெரிக்காவில் இது பொதுச் சொல் என்று முடிவாயிற்று. அதற்குள் எஸ்கலேட்டரிலிருந்து ‘எஸ்கலேட்’ என்ற வினைச்சொல்லும் பிறந்துவிட்டது. சண்டை படிப்படியாகப் பெரிதாவதற்கு அதைச் சொல்கிறார்கள். முதலில் படிக்கட்டு வந்தது, பிறகுதான் வினை வந்தது!

செஞ்சி: ராஜாக்களின் சொற்கள்

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலை சாலையில் போனால் செஞ்சி. தூரத்திலேயே பாறைக் குன்றுகள் தெரிகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி!

கோட்டை என்றால் ராஜா உண்டு. ராஜா என்றால் அரியணை உண்டு. அரியணை ஏறுவதற்கு ‘அசெண்ட்’. அதைக் கம்பீரமான இடங்களில்தான் சொல்வார்கள். ராஜா அரியணையில் ‘க்ளைம்’ செய்தார் என்றால் நாற்காலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறியதாகக் கண்ணுக்குத் தோன்றும்! கணக்குப் பாடத்தில் ஏறுவரிசையை ‘அசெண்டிங் ஆர்டர்’ என்பார்கள். பாட்டு வகுப்பில் ஆரோகணம் கற்றிருந்தால், அதை ‘அசெண்டிங் ஸ்கேல்’ என்று சொல்லலாம்.

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜா நினைவுக்கு வருவார். அவருடைய பெயர் தேஜ்சிங். நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 1714-இல் இளம் வயதிலேயே போர்க்களத்தில் உயிர்விட்டார். யாராலும் அடக்க முடியாத குதிரையை அவர் அடக்கிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. குதிரை மேல் ஏறுவதற்கு ‘மவுண்ட்’. ‘ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம்’ என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா? அந்த ‘ஏற’வும் மவுண்ட்தான்.

மவுண்ட் என்றால் மலை என்றும் பொருள். மவுண்ட் எவரெஸ்ட் தெரியுமே! சென்னையில் பரங்கிமலைக்கு இங்கிலீஷில் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ என்று பெயர். அந்த மலைக்குப் போகும் சாலை என்பதால்தான் அண்ணா சாலைக்கு முன்பு ‘மவுண்ட் ரோடு’ என்ற பெயர் இருந்தது.

ஏன் இங்கிலீஷில் இத்தனை சொற்கள்? ஏனென்றால் அவை மூன்று வீட்டிலிருந்து வந்தவை. ரைஸும் க்ளைமும் இங்கிலாந்தின் பழைய நாட்டுச் சொற்கள். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வடக்குக் கடலோடிகள் அங்கே வந்தார்கள். ரெய்ஸும் லிஃப்டும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சு. படிப்பாளிகள் எழுதியது லத்தீன். அந்த வழியில் வந்தவை அசெண்டும் மவுண்டும். ஆகவே குடியானவர் மலை ஏறினால் க்ளைம். மன்னர் அரியணை ஏறினால் அசெண்ட்!

செஞ்சியின் கதையும் ஏற்ற இறக்கங்கள் நிறைந்தது. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். பின்னர் முகலாயர் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள். இப்படி ஓர் அரசு எழுந்து விழுவதை இங்கிலீஷில் ‘ரைஸ் அண்ட் ஃபால்’ என்பார்கள்.

கோட்டையை எழுப்புவதற்கு ரெய்ஸ் என்று சொல்லலாம். ஆனால் அதே ஒலியில் இன்னொரு ‘ரெய்ஸ்’ இருக்கிறது. அதை எழுதும்போது ‘எஸ்’ வராது, ‘இசட்’ வரும். அதற்கு என்ன பொருள் தெரியுமா? இடித்துத் தரைமட்டமாக்குவது! ஒன்று கட்டும், ஒன்று இடிக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றே. கேட்டு எழுதும்போது கவனமாக இருங்கள்.

ராஜகிரியின் உச்சியை நெருங்கும்போது ஒரு பெரிய பாறைப் பிளவு குறுக்கிடும். அதைக் கடக்க ஒரு பாலம் உண்டு. எதிரி வரும்போது அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். பாலத்தைத் தூக்கினால் அதுவும் ‘ரெய்ஸ்’தான். ஓர் ஆள் கூட, ஓர் எழுத்து கூட!

உச்சியில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெயிலில் பாறை சுடுகிறது. பாறையை ஒட்டிய காற்றும் சூடாகி லேசாகி மேலே எழுகிறது. அந்தக் காற்றில் ஒரு பருந்து சிறகை விரித்தபடி, அடிக்காமலேயே, வட்டமிட்டு உயர்ந்துகொண்டே போகிறது. இதற்கு ‘சோர்’ என்று பெயர். விலைவாசி விண்ணைத் தொட்டால் அதற்கும் சோர் என்று செய்தித்தாளில் போடுவார்கள். பருந்து பாவம்!

இரண்டே கேள்வி

இத்தனை சொற்களையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. எழுதுவதற்கு முன் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: தானாக ஏறுகிறதா, யாராவது ஏற்றுகிறார்களா?
இரண்டு: எப்படி, எதில் ஏறுகிறது?

முதல் கேள்வி தன்வினை, பிறவினை. அது உங்களுக்கு முன்பே தெரியும். இரண்டாவது கேள்விக்குக் கண்ணை மூடி அந்தக் காட்சியை மனதில் பார்த்தால் போதும். பற்றிக்கொண்டு ஏறுகிறதா, சும்மா மிதக்கிறதா, கயிற்றில் இழுக்கிறார்களா என்று படமாகத் தெரியும். படத்துக்கு ஏற்ற சொல்லை எடுங்கள்.

கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை. ‘அசெண்ட் அப்’ என்று எழுதாதீர்கள். அசெண்டிலேயே மேலே என்பது இருக்கிறது. “நடு சென்டர்” என்று சொல்வது போல ஆகிவிடும். ‘ரைஸ் அப்’ என்றாலோ கொதித்தெழுவது, கிளர்ச்சி செய்வது என்ற பொருளும் வரும்.

கடைசியாக, பாடம் தலையில் ஏறவில்லையே, அதை விட்டுவிட்டோமே! நமக்குப் பாடம் ஏற வேண்டும். இங்கிலீஷ்காரர்களுக்கோ பாடம் இறங்க வேண்டும்! அவர்கள் ‘சிங்க் இன்’ என்கிறார்கள். தண்ணீரில் கல் மூழ்குவது போல உள்ளே இறங்குவது. ‘தி லெஸன் டிட் நாட் சிங்க் இன்’. நாம் ஏற்றுகிறோம், அவர்கள் இறக்குகிறார்கள். போய்ச் சேருகிற இடம் என்னவோ ஒரே மண்டைதான்!

உங்களுக்கு ஒரு பயிற்சி

சரியான இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடியுங்கள்.

1. மரக்காணம் கடலில் சூரியன் எழுந்தது.
2. விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்.
3. பூனை சுவர் மேல் ஏறியது.
4. அப்பா ஆட்டோவில் ஏறினார்.
5. அக்கா ரயிலில் ஏறினாள்.
6. மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள்.
7. பாட்டி விளக்கு ஏற்றினார்.
8. வீடூர் அணையில் நீர்மட்டம் உயர்ந்தது.
9. மாமா பத்து ஆடுகள் வளர்க்கிறார்.
10. சுதந்திர தினத்தன்று தலைமை ஆசிரியர் கொடி ஏற்றினார்.

விடைகள்: 1. ரோஸ். 2. ரெய்ஸ். 3. க்ளைம்ட். 4. காட் இன். 5. காட் ஆன். 6. லோடட். 7. லிட் (லைட் என்பதன் இறந்த காலம்). 8. ரோஸ். 9. ரெய்சஸ். 10. ஹாய்ஸ்டட்.

பத்துக்குப் பத்து வாங்கியவர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சொல் என்று கேட்கிறீர்களா? தூக்குவது யார், நீங்கள்தானே!